வெள்ளைத் தாய், கறுப்புக் குட்டிகள்

1909-ஆம் ஆண்டு. பாஸ்டன் நகரத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பஸ்ஸி ஆய்வுக்கூடம். அங்கே ஒரு கூண்டில் வெள்ளைப் பெண் கினிப்பன்றி ஒன்று. அதோடு சேர்த்துவிட்ட ஆணும் வெள்ளை. இரண்டும் அல்பினோ வகை. இந்த வகையில் வெள்ளையும் வெள்ளையும் கூடினால் வெள்ளைதான் பிறக்கும் என்பது அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெண் ஈன்றவை கறுப்பு. மூன்று ஈற்றில் ஆறு குட்டிகள், ஆறும் கறுப்பு. மூன்றாவது ஈற்றுக்கு முன்பே தாய் நிமோனியாவில் இறந்துபோனது. திறந்து பார்த்தார்கள். வயிற்றில் இருந்த மூன்று குட்டிகளின் ரோமமும் கறுப்பாகவே இருந்தது.

வில்லியம் காஸில், ஜான் பிலிப்ஸ் என்ற இருவர் செய்த சோதனை இது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத கறுப்புக் குட்டி ஒன்றின் சினைப்பைகளை எடுத்து, சினைப்பைகள் அகற்றப்பட்ட அந்த வெள்ளைப் பெண்ணின் உடலில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய சினைப்பை உயிர்பிடித்தது, முட்டை விட்டது. அந்த முட்டைக்கு வெள்ளை உடம்புதான் இரத்தம் கொடுத்தது, வெள்ளை உடம்புதான் கருப்பை கொடுத்தது, மாதக்கணக்கில் அங்கேதான் அது ஊறிக் கிடந்தது. இருந்தும் குட்டியின் நிறம் கறுப்புக்காரியின் நிறம். அதற்குச் சற்று முன்புதான் கத்ரி என்பவர் கோழிகளில் இதே போன்ற சோதனை செய்து, சுமக்கும் உடம்பு குஞ்சின் நிறத்தைக் கொஞ்சம் மாற்றுகிறது என்று எழுதியிருந்தார். காஸிலும் பிலிப்ஸும் தந்த பதில் தெளிவாக இருந்தது: மாற்றவில்லை, இம்மியும் மாற்றவில்லை.

இந்தச் சோதனையை நம் வீடுகளில் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. கர்ப்பிணிக்குப் பாலில் குங்குமப்பூ கலந்து கொடுத்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று இன்றும் காசு செலவழிக்கிறோம். தாயின் முழு உடம்பும், ஒவ்வொரு சொட்டு இரத்தமும் சேர்ந்து மாற்ற முடியாத ஒன்றை ஒரு சிட்டிகைப் பூ மாற்றாது. சுமக்கும் உடம்பு பிள்ளைக்கு ஊட்டம் தரும், நோயையோ நலத்தையோ தரும். தோலும் ரோமமும் எந்த நிறமியைச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு, முட்டையும் விந்தும் சேர்ந்த அந்த நொடியிலேயே எழுதி முடிக்கப்பட்டுவிடுகிறது.

அப்படியானால் அந்தக் குறிப்பை நாம் முன்கூட்டியே படித்துவிட முடியுமா? இந்த அத்தியாயத்தின் கேள்வி அதுதான். கினிப்பன்றியை வைத்து இதைப் படிப்பதில் பெரிய வசதி உண்டு. சுண்டெலிக் குட்டி ரோமமில்லாமல் கண்மூடிப் பிறக்கும். நிறம் தெரியச் சில நாள் காத்திருக்க வேண்டும். கினிப்பன்றியின் சினைக்காலம் ஏறக்குறைய 68 நாள். எலிக்கு மூன்று வாரம் என்றால் இதற்கு இரண்டு மாதத்துக்கும் மேல். அதனால் குட்டி முழுமையாக விளைந்தே வெளியே வருகிறது. கண் திறந்திருக்கும், பல் இருக்கும், உடம்பு முழுக்க ரோமம் இருக்கும். தாய் நக்கித் துடைத்து ஈரம் காய்வதற்குள் தன் காலில் நிற்கும். எங்கே கறுப்பு, எங்கே சிவப்பு, எங்கே வெள்ளை என்பதை முதல் நாளே வரைந்து வைத்துக்கொள்ளலாம். ஈற்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு குட்டிகள்தான் என்பது மட்டும் குறை. அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

ரோமத்தின் நிறத்துக்கு அடிப்படை இரண்டே நிறமிகள். ஒன்று கறுப்பு அல்லது பழுப்பு தரும் யூமெலனின். மற்றது சிவப்பு அல்லது மஞ்சள் தரும் பியோமெலனின். காட்டில் திரியும் இனத்தைப் போன்ற நிறமுள்ள கினிப்பன்றியிடமிருந்து ஒரு மயிரைப் பறித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். அடி கறுப்பு, நுனிக்குக் கொஞ்சம் கீழே மஞ்சள் வளையம், நுனி மறுபடி கறுப்பு. ஒரே வேர்க்கால், மயிரை வளர்த்துக்கொண்டே போகும்போது முதலில் ஒரு நிறமியைக் கொடுத்து, நடுவில் மாற்றி, பிறகு பழையதற்கே திரும்பியிருக்கிறது. அப்படி மாற்றச் சொல்லும் மரபணு அகௌட்டி. அது செயலிழந்தால் வளையம் மறைந்து முழுக் கறுப்பு கிடைக்கும்.

மரபணுக்களைக் குறிக்க ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று போடுவார்கள். தமிழில் அது இல்லை. ஆனால் அதைவிட நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஓங்கு வடிவத்தை நெடிலாலும் ஒடுங்கு வடிவத்தைக் குறிலாலும் குறிப்போம். கறுப்பு நிறமியை உடம்பெங்கும் பரவவிடும் மரபணு 'ஆ'. அதன் பழுதுபட்ட வடிவம் 'அ'. ஒவ்வொரு விலங்குக்கும் இதில் இரண்டு பிரதி, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஆஆ கறுப்பு. ஆஅ-வும் கறுப்புதான், ஒரு நல்ல பிரதியே வேலையை முடித்துவிடும். அஅ என்றால் ரோமத்தில் கறுப்பு நிறமி இறங்காது; முழுச் சிவப்பு. (மனிதரில் செம்பட்டைத் தலைமயிருக்குக் காரணமான அதே மரபணு இது.)

கூண்டில் இரண்டு கறுப்பு. இரண்டும் ஆஅ, சிவப்பை ஒளித்து வைத்திருப்பவை. தாய் முட்டையில் ஆ வைக்கலாம், அ வைக்கலாம், தந்தையும் அப்படியே. சேர்க்கை நான்கு: ஆஆ, ஆஅ, அஆ, அஅ. நான்கில் மூன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. பள்ளிப் பாடத்தில் இதோடு மணி அடித்துவிடும். வளர்ப்பவருக்கோ சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவருக்குப் பிறப்பது நான்கு குட்டி அல்ல, மூன்று. மூன்றும் கறுப்பாகவே இருக்க வாய்ப்பு எவ்வளவு? முக்காலை மூன்று முறை பெருக்கினால் 64-இல் 27, அதாவது 42 விழுக்காடு. இரண்டு பேரும் சிவப்பைச் சுமந்தாலும், ஏறக்குறைய ஐந்து ஈற்றில் இரண்டில் சிவப்பு தலைகாட்டாது. 'இவற்றிடம் சிவப்பே கிடையாது' என்று அவர் முடிவு கட்டினால் அது தவறு. 'மூன்று கறுப்பு வந்துவிட்டது, அடுத்தது சிவப்புதான்' என்று எதிர்பார்த்தால் அதுவும் தவறு. தாயம் ஆடுகிறவர்களுக்கு இது தெரியும். பத்து முறை தாயம் விழவில்லை என்பதற்காகப் பதினோராவது முறை கட்டை இரக்கப்படுவதில்லை. ஒவ்வொரு குட்டியும் தனி உருட்டல்.

சரி, இந்த ஜோடிக்குப் பிறந்த ஒரு கறுப்புக் குட்டி வளர்ந்துவிட்டது. அதனிடம் அ ஒளிந்திருக்கிறதா? பாதிக்குப் பாதி என்று சொல்லத் தோன்றும். அப்படி இல்லை. நான்கு சேர்க்கைகளில் சிவப்பை நீக்கிவிட்டோம். மிஞ்சிய மூன்றில் ஒன்று ஆஆ, இரண்டு ஆஅ. ஒளிந்திருக்க வாய்ப்பு மூன்றில் இரண்டு. இதை உறுதிப்படுத்தச் சிவப்புத் துணையோடு சேர்த்துப் பார்ப்பார்கள். ஒரே ஒரு சிவப்புக் குட்டி பிறந்தாலும் வழக்கு முடிந்தது: ஒளிந்திருக்கிறது. பிறப்பதெல்லாம் கறுப்பாகவே இருந்தால் சந்தேகம் ஒவ்வொரு குட்டிக்கும் குறைந்துகொண்டே வரும். ஐந்து குட்டியும் கறுப்பு என்றால் ஒளிந்திருக்கும் வாய்ப்பு 17-இல் ஒன்று, ஏறத்தாழ 6 விழுக்காடு. அது பூஜ்யத்தைத் தொடவே தொடாது. 'உண்டு' என்று சொல்ல ஒரு குட்டி போதும்; 'இல்லை' என்று சொல்ல எத்தனை குட்டியும் போதாது.

இன்னொரு மரபணுவைச் சேர்ப்போம். கறுப்பு நிறமியைக் கறுப்பாகவே வைப்பது 'ஊ'. உஉ என்றால் கறுப்பு முற்றாமல் சாக்லேட் நிறத்தில் நின்றுவிடும். இரண்டு மரபணுவிலும் ஒன்றை ஒளித்த இரு கறுப்புகள் (ஆஅ ஊஉ) சேர்ந்தால் 16 பங்கில் 9 கறுப்பு, 3 சாக்லேட், 4 சிவப்பு. மெண்டலின் பட்டாணியில் 9, 3, 3, 1 என்று வந்தது இங்கே ஏன் கலைந்தது? அஅ உள்ள குட்டியின் ரோமத்தில் யூமெலனினே இல்லை. இல்லாத நிறமி கறுப்பா சாக்லேட்டா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. அதனால் 3-உம் 1-உம் ஒன்றாகச் சேர்ந்து 4 ஆகிவிட்டன. அனுபவசாலிகள் ரோமத்தோடு நிற்க மாட்டார்கள். சிவப்புக் குட்டியைக் கையில் எடுத்துக் காதுமடலையும் கண்ணையும் பார்ப்பார்கள். ரோமத்தில் மறைந்த ஊ, உ வேறுபாடு தோலிலும் கண்ணிலும் தெரியும். காதுமடல் கருமையா, பழுப்பா என்று பார்த்தே பாதிக் கணக்கைப் போட்டுவிடுவார்கள்.

இதுவரை மரபணுக்களை ஓங்கும் ஒடுங்கும் என்ற இரண்டே நிலையில் பார்த்தோம். காஸிலிடம் மாணவராகச் சேர்ந்த சிவால் ரைட் அதற்கு மேலே போனார். 1915-இல் முடித்த முனைவர் பட்டத்துக்கே அவர் எடுத்துக்கொண்டது கினிப்பன்றியின் நிறம்தான். டைரோசினேஸ் என்ற நொதியைச் செய்யும் மரபணுவுக்குக் கினிப்பன்றியில் இரண்டல்ல, ஐந்து வடிவங்கள் என்பது அந்த வழியில் வந்த ஆய்வுகளில் தெளிந்தது. ஒன்று முழு வலிமை உள்ளது. கடைசியில் இருப்பது அல்பினோ வடிவம். நடுவே மூன்று குறைவலிமை வடிவங்கள். எந்த விலங்கும் ஐந்தில் இரண்டைத்தான் வைத்துக்கொள்ள முடியும். எந்த இரண்டு என்பதைப் பொறுத்து நிறம் படிப்படியாக வெளுக்கிறது.

இதில் ஒரு சேர்க்கையை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். சிவப்புக் கினிப்பன்றியில் குறைவலிமை வடிவம் ஒன்று இரண்டு பிரதியாக வந்தால் சிவப்பு வெளுத்துச் சந்தன நிறமாகும். ஒரு பிரதி அது, மறு பிரதி அல்பினோ வடிவம் என்றால் இன்னும் வெளுத்துப் பாலாடை நிறம். இரண்டும் அல்பினோ வடிவம் என்றால் தூய வெள்ளை. அழகான பாலாடை நிறத்தில் ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து, எல்லாக் குட்டியும் அதே நிறத்தில் வரும் என்று சேர்த்துவைப்பவருக்குக் கிடைப்பது நான்கில் ஒன்று சந்தனம், இரண்டு பாலாடை, ஒன்று வெள்ளை. அந்த இரண்டு பாலாடையை மறுபடி சேர்த்தாலும் அதே ஒன்று, இரண்டு, ஒன்றுதான். எத்தனை தலைமுறை பொறுக்கி எடுத்தாலும் பாலாடை நிறம் நிலைக்காது. அது வெவ்வேறான இரு பிரதிகள் சந்திக்கும்போது மட்டும் வரும் நிறம். வளர்ப்பவரின் கைத்திறன் இங்கே எதுவும் செய்ய முடியாது. இதை முன்பே தெரிந்திருந்தால் வீண் உழைப்பு மிச்சமாகும்.

அதே வரிசையில் இன்னொரு வடிவம் கறுப்பை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டுச் சிவப்பை மட்டும் முழுதாகத் துடைத்துவிடும். கறுப்பும் சிவப்பும் திட்டுத்திட்டாக உள்ள விலங்கில் அது வந்தால் சிவப்புத் திட்டெல்லாம் வெள்ளையாகிவிடும். அல்பினோ வடிவமோ கினிப்பன்றியை முழு வெள்ளையாக்கிவிடுவதும் இல்லை. கறுப்பு மரபணு உடன் இருந்தால் மூக்கு, காது, பாதம் ஆகியவற்றில் கரி பூசியது போல் நிறம் ஏறும். பழுதுபட்ட அந்த நொதி உடம்புச் சூட்டில் செயல்படாது. குளிர்ச்சியான ஓரங்களில் மட்டும் செயல்படும். கருப்பையின் கதகதப்பில் வளர்ந்த குட்டி பிறக்கும்போது வெள்ளையாக இருக்கும். அதன் மூக்கும் காதும் வெளிக்காற்றில் நாளாக ஆகக் கருக்கும். ஆகவே முதல் நாளே நிறம் தெரிந்துவிடும் என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விலக்கு.

இவ்வளவு தூரம் கணக்கு நம்மைக் கைவிடவில்லை. திட்டு என்று வரும்போதுதான் கைவிடுகிறது.

அமெரிக்க வேளாண் துறை 1906-இல் கினிப்பன்றிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைக்கத் தொடங்கியது. 1915-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ரைட்டிடம் அந்தப் பதிவேடுகள் எல்லாம் வந்தன. இப்படி உள்ளுக்குள்ளேயே கூடிய குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணு வேறுபாடு குறைந்துகொண்டே போகும். பல தலைமுறைக்குப் பிறகு எல்லாம் ஒன்றின் நகல் போல ஆகிவிடும். அப்படிப்பட்ட 35-ஆம் எண் குடும்பத்தை ரைட் எடுத்துக்கொண்டார். வெள்ளைத் திட்டுள்ள குடும்பம் அது. ஒரே மரபணு, ஒரே கூண்டு, ஒரே தீனி, ஒரே வயிறு. குட்டிகள் ஒன்றுபோல் இருக்க வேண்டாமா? இல்லை. ஒரே ஈற்றில் ஒன்று பெரும்பாலும் நிறமாக இருந்தது. அதன் கூடப்பிறந்தது பெரும்பாலும் வெள்ளை.

1920-இல் அவர் இதைக் கணக்காக்கினார். மரபு வேறுபாடு கலந்துகிடக்கும் சாதாரண மந்தையில், வெள்ளை எவ்வளவு என்ற வேற்றுமையில் ஏறக்குறைய 42 விழுக்காட்டுக்கு மரபு காரணம். 35-ஆம் குடும்பத்தில் அது சுமார் 3 விழுக்காடு. மீதி? தீனி, பருவம், தாயின் நலம் என்று ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குப் பொதுவாக உள்ளவை விளக்கியது மிகக் கொஞ்சம். பெரும்பகுதி, கரு வளரும்போது அதற்குள்ளேயே நடக்கும் ஒழுங்கின்மை என்று அவர் எழுதினார். இந்தக் கணக்குக்காக அவர் உருவாக்கிய வழிப்பகுப்பு முறையைப் பிற்காலத்தில் சமூகவியலாளர்களும் பொருளியலாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். இன்று காரணத்தையும் விளைவையும் பிரித்தறியும் புள்ளியியலில் கால்வைக்கிற யாரும் ரைட்டின் கினிப்பன்றிகளைச் சந்திக்காமல் போக முடியாது. ஆனால் என்னை அந்த முறையைவிட அதிகம் தொட்டது அந்த முடிவுதான். மரபு அல்லது சூழல், இந்த இரண்டில் ஒன்றின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இன்றும் போகவில்லை. பிள்ளைகள் ஒன்றுக்கொன்று மாறி வந்தால் 'வளர்ப்பு சரியில்லை' என்போம், இல்லாவிட்டால் 'பரம்பரை அப்படி' என்போம். இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்று உண்டு என்று ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கினிப்பன்றி காட்டிவிட்டது.

அந்த மூன்றாவது என்ன என்பது இன்று ஓரளவு தெரியும். நிறமிச் செல்கள் தோலில் பிறப்பதில்லை. கருவின் முதுகுத்தண்டை ஒட்டிய இடத்தில் தோன்றி, அங்கிருந்து இரு பக்கமாகவும் இறங்கி, பெருகிக்கொண்டே தோலெங்கும் பரவுகின்றன. திட்டு மரபணு உள்ள கருவில் அவற்றின் எண்ணிக்கை போதாது. தொலைவான இடங்களுக்கு அவை போய்ச் சேர்வதில்லை. வெள்ளை பெரும்பாலும் வயிற்றிலும் பாதத்திலும் நெற்றியிலும் வருவது அதனால்தான். மரபணு முடிவு செய்வது எத்தனை செல் கிளம்பும், எவ்வளவு பெருகும் என்பதை. எந்தச் செல் இடப்பக்கம் போனது, எது வழியிலேயே நின்றது என்பதை எந்த மரபணுவும் எழுதிவைக்கவில்லை. கறுப்பும் சிவப்பும் கலந்த ஆமையோட்டு நிறமும் அப்படித்தான். மேலே சொன்ன ஆ, அ இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வடிவம் ஒன்று உண்டு. ஆ இல்லாமல் அது இருந்தால் இரு நிறமும் திட்டாக வரும் என்று சொல்லலாம். எந்தத் திட்டு எங்கே என்று சொல்ல முடியாது. பூனையில் இந்த நிறம் ஏறக்குறையப் பெண்ணுக்கு மட்டுமே வரும். கினிப்பன்றியில் ஆண், பெண் இரண்டுக்கும் வரும். பூனையைப் பார்த்துப் பழகியவர்கள் இதில் ஏமாறுவார்கள்.

ஆகவே 'நிறத்தை முன்கூட்டிச் சொல்ல முடியுமா' என்று யாராவது கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். எந்த நிறம் பிறக்கவே பிறக்காது என்பதைத் திட்டமாகச் சொல்லலாம். நூறு குட்டியில் எத்தனை எந்த நிறம் என்பதைக் கிட்டத்தட்டச் சொல்லலாம். நாளை பிறக்கப் போகும் மூன்றில் இந்தக் குட்டி இந்த நிறம், இந்தத் திட்டு என்று யாரும் சொல்ல முடியாது.

'பிறக்கவே பிறக்காது' என்ற அந்த முதல் உறுதிக்கு ஒரு பெரிய பயன் உண்டு. ரோன் என்றொரு நிறம்: உடல் முழுக்கக் கறுப்பு மயிரோடு வெள்ளை மயிர் விரவி, சாம்பல் தூவியது போல் இருக்கும். அதே மரபணு வெள்ளை உடம்பில் கரும்புள்ளி தெளித்த டால்மேஷியன் தோற்றத்தையும் தரும். பார்க்க மிக அழகு. இதன் மரபணு ஒரு பிரதியாக இருக்கும்வரை விலங்கு நலமாக இருக்கும். இரண்டு பிரதி சேர்ந்துவிட்டால் குட்டி முழு வெள்ளையாக, கண் சிறுத்தோ இல்லாமலோ, பார்வையின்றி, பல் கோணிப் பிறக்கும். பெரும்பாலும் சீக்கிரமே இறந்துவிடும். வளர்ப்பவர்கள் இதைக் 'கொல்லும் வெள்ளை' என்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ரோனோடு ரோனைச் சேர்த்தால் நான்கில் ஒன்று சாதாரணம், இரண்டு ரோன், ஒன்று கொல்லும் வெள்ளை. ரோனோடு சாதாரண நிறத்தைச் சேர்த்தால் பாதி சாதாரணம், பாதி ரோன், கொல்லும் வெள்ளை ஒன்றுகூட இல்லை. இரண்டிலும் ரோன் பாதிதான். ரோனோடு ரோனைச் சேர்த்ததால் கூடுதலாக ஒரு ரோன் குட்டியும் கிடைப்பதில்லை. கிடைப்பதெல்லாம் அந்தக் கண்ணில்லாத குட்டி மட்டும். உடம்பில் வெள்ளை அதிகம் உள்ள விலங்கில் ரோன் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வெள்ளையில் விரவிய வெள்ளை மயிரை யார் காண முடியும்?

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ கினிப்பன்றி இருந்தால் இந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள். ரோனையும் ரோனையும் ஒரே கூண்டில் ஜோடி சேர்க்காதீர்கள். ரோனுக்கு வெள்ளைத் துணையைத் தேடுவதாக இருந்தால் அதன் தாய் தந்தை என்ன நிறம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால், உடம்பெல்லாம் கறுப்போ சிவப்போ உள்ள துணையைத் தேடுங்கள்.